காப்புச் செய்யுள்

நூலென்றால் முதலில் காப்பு.
யானைமுகத்தானையோ திருமாலையோ
வாசலில் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத்தான்
புலவன் உள்ளே போவான்.
என்ர ட்ரக்குக்கு அது பதினாலு பக்கம்,
முன்பெட்டிக்குள்,
கோப்பிக் கடைத் துடைதாள்களுக்குக் கீழே.

ஒரு தொன் பிக்கப், பின்னால் இரட்டை ரயர்,
முப்பதடி கூஸ்நெக் இழுவை,
மூன்றாம் ஆள் பொறுப்பு இருபது இலட்சம்,
சரக்குக்கு ஒரு இலட்சம் என்று
எட்மன்டனிலிருந்து ஷெரில் வாசித்தபோது
எனக்கது அகவல் மாதிரித்தான் கேட்டது,
மாதக் கட்டணத்தைச் சொல்லும் வரைக்கும்.
யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழக்கூடாதாம்.
என்ர யானைக்கு இன்னும்
ஐம்பத்தொரு தவணை.

வெண்டல் வாகனப் பரிசோதகன்.
உருளும் பலகையில் மல்லாந்து அடியில் போய்விடுவான்.
பிறகு பாதங்கள்தான் கதைக்கும்.
விளக்கு சரி. சங்கிலி சரி.
தீயணைப்பான் எங்கே? முக்கோணம் எங்கே?
இழுவையின் கழுத்தடியில்
செங்கல் அளவுப் பற்றரி ஒன்றைத் தட்டி
"இது செத்துப்போச்சு" என்றன பாதங்கள்.
கொக்கி கழன்று இழுவை தனியே பிய்ந்தால்
தன் பிறேக்கைத் தானே பிடிக்க
அதற்கென்று வைத்த உயிர்.
நாற்பத்திரண்டு டொலர்.
பிரிந்த பிறகும் நிற்கத் தெரியாததுக்கு
ஸ்டிக்கர் ஒட்டமாட்டான்.

தை மாதம், கிராண்ட் பிரேரி,
சுழியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
இரவு ஒன்றேகாலுக்குப் போன்.
ஃபொக்ஸ் கிறீக் பக்கம் ஒரு கிணற்றடி
(கிணறென்றால் தண்ணீர் இல்லை),
பம்பின் நெஞ்சுக்கட்டை வெடித்துவிட்டதாம்,
நாற்பது பேர் கை கட்டி நிற்கினமாம்.
மணிக்கு எத்தனை ஆயிரம் நட்டமென்று
ட்ரெவர் சொன்ன வேகத்தில்
எனக்குப் பல்லுக் கூசியது.

ஏற்றியாச்சு.
சீட்டில் கையெழுத்து வைக்கக் குனிந்தபோதுதான்
பெறுமதி கண்ணில் பட்டது:
ஒரு இலட்சத்து எண்பத்து மூவாயிரம்.

ட்ரெவருக்கு அடித்தேன்.
"ரெண்டரை மணித்தியால ஓட்டம்,
ஆர் பார்க்கப்போறான்?"
ஷெரிலுக்கு அடித்தேன்.
காலை எட்டரைக்குத் திறப்போம் என்றது
பதிந்துவைத்த அவளுடைய குரல்.

போகாமல் விட்டிருக்கலாம்.
மார்கழி முழுக்க எனக்கு வந்தது
ஏழு ஓட்டம்.

நாலு சங்கிலி போதும், ஏழு போட்டேன்.
பைண்டரை இறுக்க இறுக்க
இரும்பு முனகியது.
இலட்சத்துக்கு ஷெரில் காவல்.
மிச்சம் எண்பத்து மூவாயிரத்துக்கு
சின்னராசா மகன் பகீரதன் காவல்.
எந்தப் பாதி என்ர பொறுப்பு,
வால்வுப் பக்கமா, போல்ட்டுப் பக்கமா என்று
கண்ணாடியில் பார்த்தபடியே ஓடினேன்.

லிற்றில் ஸ்மோக்கி இறக்கத்தில்
றோட்டுக்கு நடுவில் கறுப்பாய் ஒன்று.
மூஸ்.
வெளிச்சத்துக்குக் கூசாமல்,
எல்லாத் தவணையும் கட்டி முடித்தவன் மாதிரி
நின்றது.
பிறேக்கை அமத்தினால் பனியில்
இழுவை எனக்கு முன்னால் போய்விடும்.
காலை மட்டும் எடுத்தேன்.
ஏழு சங்கிலியும் ஒரே மூச்சாய் இழுபட்டன.
காப்புக்கு யாரைக் கூப்பிடுவதென்று
வாயில் ஒரு பெயரும் வரவில்லை.
மனதில் வந்தவை வெண்டலின் பாதங்கள்.

அது தன்பாட்டில்
மரங்களுக்குள் போய்விட்டது.

ஐந்தரைக்கு இறக்கினார்கள்.
ஒருத்தன் கையுறையோடே கோப்பி தந்தான்,
பெறுமதி கேட்கவில்லை.

எட்டு முப்பத்தொன்றுக்கு ஷெரில்.
சரக்குத் தொகையைக் கூட்டவேண்டும் என்றேன்.
"ஏதும் நடந்ததா?"
இல்லை.
"சேதம்?"
இல்லை.
"அப்படியென்றால் காரணம் என்னவென்று போட?"
அவளுடைய விசைப்பலகை சத்தமில்லாமல் காத்திருந்தது.
மூஸ் என்று சொல்ல வாயெடுத்து
சும்மா இருந்தேன்.
"மற்றவை" என்று போட்டிருப்பாள்.

மாதம் அறுபத்தெட்டு டொலர் கூட.
திருத்தப் பக்கம் ஒன்று வரும்,
அச்சடித்து மற்றதோடு வையுங்கள் என்றாள்.

இப்போது பதினைந்து.